‘எடையைக் குறைங்க’ என்று சொன்ன பிறகு: கோத்தகிரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

56 வயதுப் பெண். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். முட்டி வலி தாங்காமல் 51 வயதில் வேலையை விட்டார். அப்போது எடை 62 கிலோ. எங்கள் கிளினிக்குக்கு வந்த அன்று 81. உயரம் 150 செ.மீ. சர்க்கரை நோய் கண்டுபிடித்து நான்கு வருடம், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்து மூன்று வருடம். ஆனால் அவர் வந்தது இதற்கெல்லாம் இல்லை. “முட்டிக்கு ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டரம்மா, ராத்திரி பாத்ரூம் போக எந்திரிக்க முடியல” என்றுதான் வந்தார்.

கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். நான்கு வருடத்தில் பல இடங்களில் காட்டிய சீட்டுகள் அதில் இருந்தன. அநேகமாக எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: எடையைக் குறைக்கவும், தினமும் நடக்கவும், உணவுக் கட்டுப்பாடு. அதுவும் ஆங்கிலத்தில். அவர் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். வாயாலும் சொல்லியிருக்கிறார்கள், அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டதோடு நிற்காமல் தனக்குப் புரிந்த வகையில் செய்தும் பார்த்திருக்கிறார். அப்படிச் செய்ததால்தான் நிலைமை இன்னும் கெட்டது. இந்த நிகழ்வை எழுதுவதற்குக் காரணம் அதுதான். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

பின்னணி

இலங்கையில் பிறந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி பெற்றோர் திரும்பியபோது சின்னப் பிள்ளையாக நீலகிரிக்கு வந்தார். வளர்ந்த காலத்தில் வயிறார சாப்பாடு கிடைத்த நாள் குறைவு என்று அவரே சொன்னார். இது வெறும் குடும்பக் கதை இல்லை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பற்றாக்குறையில் வளர்ந்த உடலுக்குப் பிற்காலத்தில் எடை கூடினால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோட்டத்து லைன்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், பசியோடு வளர்ந்த தலைமுறை இப்போது ஐம்பதைத் தாண்டி நிற்கிறது. இன்றைக்கு எங்கள் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அந்தத் தலைமுறைதான்.

வேலை செய்த காலத்தில் முதுகில் பையோடு சரிவில் ஏறி இறங்குவதே அவருடைய நாள். அதற்கேற்ற சாப்பாடு: குவித்த சோறு, அடிக்கடி டீ. வேலை நின்றது, சாப்பாடு மட்டும் அப்படியே தொடர்ந்தது. அதே சமயத்தில் மாதவிலக்கும் நின்றது. ஐந்து வருடத்தில் 19 கிலோ ஏறியதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வீட்டில் கணவர், மகன், மருமகள், ஒரு பேரன். கணவர் வாட்ச்மேன். மகனுக்குத் திருப்பூரில் வேலை. சமையல் மருமகள்.

இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். முன்பு ஓரிடத்தில் கூட்டத்துக்கு நடுவே, “தின்னுட்டு உக்காந்தே இருந்தா இப்படித்தான்” என்று யாரோ இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பல மாதம் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளினார். பருமனான ஒருவரை அவமானப்படுத்தினால் எடை குறையாது, சிகிச்சைதான் தள்ளிப்போகும். அந்த ஒரு வாக்கியம் என்ன செய்தது என்பது இவருடைய சிறுநீரகப் பரிசோதனையிலேயே தெரிந்தது.

பரிசோதனையில் தெரிந்தது

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 36. இந்தியர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடல்பருமன் என்று நம் நாட்டு வழிகாட்டுதல்கள் வைத்திருக்கின்றன. ஐரோப்பியர்களுக்கு அந்த எல்லை 30. அதே எடையில் நமக்கு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகம், சர்க்கரையும் சீக்கிரம் வருகிறது என்பதால் எல்லையைக் கீழே வைத்தார்கள். வயிற்றுச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், இவருக்கு 104.

ரத்த அழுத்தம் 164/98. வெறும் வயிற்றில் சர்க்கரை 188, சாப்பிட்ட பின் 318. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.8. ட்ரைகிளிசரைடு 268, நல்ல கொழுப்பு 36. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 58. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருந்தது, ஆனால் சிறுநீரில் புரதம் கசிவதைக் காட்டும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 68. 30-ஐத் தாண்டினாலே சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தைராய்டு சரி. கண் பரிசோதனை அதுவரை யாரும் செய்யவே இல்லை. செய்தபோது விழித்திரையில் ஆரம்பக்கட்டப் பாதிப்பு இருந்தது.

ஹீமோகுளோபின் 10.6, இரும்புச்சத்துக் குறைவு. இரும்புச்சத்து குறைந்தால் எச்பிஏ1சி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஆகவே ரத்தச் சர்க்கரை அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒத்துப்போயின. இந்த மலையில் வேலை செய்கிறவர்கள் இதன் மறுபக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும். நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் பண்பு (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவத்துக்கு மாறும் பரம்பரை நோயின் மரபுக்கூறு) இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. அந்த நோய் உள்ளவர்களுக்குச் சிவப்பணுவின் ஆயுள் குறைவு என்பதால் எச்பிஏ1சி பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும். அங்கே ரத்தச் சர்க்கரையைத்தான் நம்ப வேண்டும்.

காலைப் பார்த்தபோது இடது உள்ளங்காலின் ஓரத்தில் ஒரு பழைய தழும்பு. கேட்டதற்கு, மார்கழிக் குளிரில் கரிச்சட்டிப் பக்கத்தில் கால் நீட்டிக் குளிர்காய்ந்தபோது சுட்டது என்றார். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. தோல் கருகுகிற வாடை வந்து, அடுப்படியிலிருந்து மருமகள்தான் ஓடிவந்து காலை இழுத்திருக்கிறாள். மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையை வைத்துத் தொட்டுப் பார்த்தோம், இரண்டு பாதங்களிலும் சில இடங்களில் உணர்ச்சி இல்லை. சமவெளியில் சர்க்கரை நோயாளியிடம் வெறுங்காலோடு வெயிலில் நடக்காதீர்கள் என்கிறோம். இங்கே அதற்குச் சமமான ஆபத்து கரிச்சட்டியும் வெந்நீர்ப் பையும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் கால் பற்றிப் பேசுகிற எந்த வகுப்பும் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தூக்கம் பற்றிக் கணவரிடம் கேட்டோம். “குறட்டை பெரிசா இருக்குங்க. திடீர்னு நின்னுபோயிரும். நான் பயந்து எழுப்பி விடுவேன்” என்றார். பகலில் பேரனை மடியில் வைத்தபடியே தூங்கிவிடுகிறாராம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கலாம் என்று சோதனைக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். மணிக்கு 22 தடவை மூச்சு தடைபடுவதாக முடிவு வந்தது, அது நடுத்தர அளவு. மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். கடையில் வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை இன்னொரு காரணம். அந்த மாத்திரை அழுத்தத்தையும் ஏற்றும், ஏற்கெனவே தொந்தரவில் இருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். முட்டி வலி, எடை, சர்க்கரை, அழுத்தம், தூக்கம் என்று ஐந்து நோயாகச் சீட்டில் இருந்தவை ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருந்தன.

நடுராத்திரி வர்க்கி

எங்கள் சிஸ்டர் இதே மலையில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம்தான் இந்த அம்மா மனம்விட்டுப் பேசினார். சிஸ்டர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்.

“பெரியம்மா, நேத்து காலையில எந்திரிச்சதிலிருந்து படுக்குற வரைக்கும் வாயில போட்டதை ஒண்ணு விடாம சொல்லுங்க.”

காலை டீ, இட்லி, பதினொரு மணி டீ, மதியம் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், கருவாட்டுக் குழம்பு, சாயங்காலம் டீயும், இந்த மலையில் டீயோடு கடிக்கும் மொறுமொறுப்பான வர்க்கியும். “ராத்திரிக்கு ஒண்ணும் சாப்பிடறதில்ல கண்ணு. சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னாங்கல்ல, ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டேன்.”

“மாத்திரை?”

“அது மட்டும் போட்டுக்குவேன்.”

“அப்புறம் விடியற வரைக்கும் ஒண்ணுமே இல்லையா?”

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். “நடுராத்திரி ஒரு படபடப்பு வரும். உடம்பெல்லாம் வேர்த்து ஊத்தும், கை நடுங்கும். வர்க்கி ரெண்டும் ஒரு டம்ளர் டீயும் குடிச்சா அடங்கிரும்.”

“ரெண்டா?”

“நாலஞ்சு இருக்கும்.”

கோத்தகிரியின் நடுராத்திரிக் குளிரில் ஒருவருக்கு வேர்த்து ஊற்றுகிறது என்றால் அதை விசாரிக்காமல் விடக் கூடாது. அவர் போட்டுக்கொண்டிருந்தது கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரையைப் போட்டால் சில மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும். தாழ்ந்தால் உடம்பு சாப்பாட்டுக்குத் தவிக்கும். கைக்குக் கிடைத்தது வர்க்கி, அதாவது மைதாவும் வனஸ்பதியும், கூடவே சர்க்கரை அள்ளிப்போட்ட டீ. அதன் பலன் காலையில் வெறும் வயிற்றுச் சோதனையில் கூடுதலாகத் தெரிந்தது. கூடுதலைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். படபடப்பும் கூடியது.

இதில் அவருக்கு ஒரு முடிவும் கிடைத்திருந்தது: “மாத்திரை சூடு.” படபடப்பு வந்தால் மூன்று நாலு நாள் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார், அழுத்த மாத்திரை உட்பட. நாம் சீட்டில் எழுதும் ‘மருந்தைச் சரியாக எடுப்பதில்லை’ என்ற வரிக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு அனுபவம் இருக்கும். அவர் அலட்சியமாக இருக்கவில்லை, தன் உடம்பில் நடந்ததைக் கவனித்து நியாயமான ஒரு முடிவுக்குத்தான் வந்திருந்தார்.

அன்றைக்கே கிளிமெபிரைடை நிறுத்தினோம். ராத்திரிச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தோம். அடுத்த வாரம் வந்தபோது, “படபடப்பு ஒரு நாளும் வரலீங்க” என்றார். எடையைக் குறைப்பதற்காக அவருக்கு நாங்கள் சொன்ன முதல் விஷயம் ராத்திரி சாப்பிடுங்கள் என்பதுதான். அதை அவர் நம்ப கொஞ்சம் நேரமானது.

சர்க்கரை டப்பாவும் ஸ்பூனும்

டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டால் எல்லோரும் சொல்வது “ரெண்டு ஸ்பூன்”. இவரும் அதைத்தான் சொன்னார். அடுத்த முறை வரும்போது வீட்டு ஸ்பூனையே எடுத்துவரச் சொன்னோம். மருமகள் சர்க்கரை டப்பாவோடு கொண்டுவந்தாள். சாப்பாட்டு ஸ்பூன், நடுவில் நன்றாகக் குழிந்தது. வழக்கமாக எப்படிப் போடுவாளோ அப்படியே அள்ளச் சொல்லிச் சமையல் தராசில் வைத்தோம். 9 கிராம். ராத்திரி டீயையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன். 90 கிராம். சிஸ்டர் கால்குலேட்டரில் முப்பதால் பெருக்கி அவரிடம் காட்டினார். 2.7 கிலோ.

“மாசத்துக்கா? நான் ஒருத்தியா?”

இப்படிச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவில் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எண்ணை முன்பே யாராவது சொல்லியிருந்தால்கூட அவருக்கு அது ஒரு எண்தான். தன் டப்பா, தன் ஸ்பூன், தன் கண் முன்னால் எடை. அதன் பிறகு யாரும் வலியுறுத்த வேண்டியிருக்கவில்லை.

டீயை விடச் சொல்லவில்லை. இந்தக் குளிரில் டீயை விடு என்பது நடக்காத பேச்சு, தேயிலைக் காட்டில் வாழ்நாளைக் கழித்தவரிடம் அதைச் சொல்வது மரியாதையும் இல்லை. ஐந்தை மூன்றாக்கினோம். குழிந்த ஸ்பூனுக்குப் பதில் சின்ன ஸ்பூன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறைவு. கடைசியில் இஞ்சியும் ஏலக்காயும் மட்டும். நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் போட்டுக்கொள்ளலாமா என்று மருமகள் கேட்டாள். இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அவற்றுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. சாப்பாட்டோடு டீ குடிப்பதையும் நிறுத்தச் சொன்னோம், அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.

சாப்பாட்டு விஷயத்தை விளக்கி முடித்ததும் சிஸ்டர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். “பெரியம்மா, வீட்டுக்குப் போனதும் அண்ணன் கேப்பாரு, என்ன சொன்னாங்கன்னு. என்ன சொல்வீங்க?”

“சோறே திங்கக் கூடாதாம், ராகிக் களிதான் திங்கணுமாம்னு சொல்வேன்.”

நாங்கள் சொன்னது அது இல்லை. ஆனால் அவருக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான். புரிந்ததா என்று கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார், நாங்களும் திருப்தியாக அனுப்பியிருப்போம். நோயாளியையே திருப்பிச் சொல்ல வைப்பதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். என்னைக் கேட்டால் ஒரு கிளினிக்கில் செலவழிக்கக்கூடிய மிகப் பயனுள்ள ஐந்து நிமிடம் அதுதான். மறுபடி உட்கார்ந்தோம். ராகியில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு, ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். சோறோ களியோ, தட்டில் கால்பங்குதான். பாதித் தட்டு காய். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், முள்ளங்கி, கீரை எல்லாம் இங்கேயே விளைகின்றன. இன்னொரு கால்பங்கு பருப்பு, பயறு, அவரைக் கொட்டை அல்லது முட்டை. உருளைக்கிழங்கு காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். கடைசியாகச் சொன்னதுதான் அவரை அதிர வைத்தது, தினமும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அதுதானே. உப்புக்காகக் கருவாட்டையும் ஊறுகாயையும் வாரம் ஒருநாளாக்கினோம்.

நடப்பது எங்கே, எப்போது

‘காலையில் 5 மணிக்கு எழுந்து 45 நிமிடம் நடக்கவும்’ என்று ஒரு சீட்டில் இருந்தது. எழுதியவர் சமவெளியை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும். கோத்தகிரியில் அந்த நேரத்தில் தோட்டப் பாதையில் கரடி நடமாடும், காட்டெருமை வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஜூன் தொடங்கி டிசம்பர் வரை மழையும் மூடுபனியும். எட்டு மணிக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்காதீர்கள் என்பதுதான் நாங்கள் சொன்ன முதல் விதி.

இரண்டாவது சிக்கல் சரிவு. முட்டி தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும். லைனிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இறக்கம். கடைசியில் மருமகள்தான் இடம் கண்டுபிடித்தாள், லைனுக்கும் பிள்ளைக் காப்பகத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட சமமான ஒரு ரோடு. பத்தரை மணிக்குப் பனி விலகியதும் பத்து நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். சாப்பிட்ட பிறகு நடப்பது சர்க்கரை ஏறுவதை நேரடியாகக் குறைக்கும், ஆகவே அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பு அதிகம். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, காலை நீட்டித் தூக்கி நிறுத்துவது. தொடைத் தசை பலப்பட்டால் முட்டிக்குச் சுமை குறையும்.

அவரை நடக்க வைத்தது சர்க்கரையைப் பற்றிய பயம் இல்லை. ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இதைச் சொன்னபோது விரல்விட்டு எண்ணினார். “அப்ப அஞ்சு கிலோ குறைஞ்சா இருபது கிலோ அரிசி மூட்டையை இறக்கி வெச்ச மாதிரி.” அவருக்கு வேண்டியது முட்டி. சிகிச்சையை அங்கேயிருந்து தொடங்கியதால்தான் மற்றவற்றுக்கும் வழி பிறந்தது.

மருந்துகள்

மெட்ஃபார்மினைப் படிப்படியாகக் கூட்டினோம். சிறுநீரில் ஆல்புமின் இருந்ததால் டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தோம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து அது, கொஞ்சம் எடையையும் குறைக்கும், சிறுநீரகத்தைக் காக்கும், 2020-ல் காப்புரிமை முடிந்ததிலிருந்து கட்டுப்படியாகும் விலைக்கும் வந்துவிட்டது. அதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். இந்த மலையில் மழைக்காலத்தில் உள்ளாடை காயவே காயாது. ஈரம் போகாததை உடுத்த வேண்டாம், அடுப்புப் பக்கம் கட்டிக் காயவைத்து உடுத்துங்கள் என்று சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வாந்தி பேதி வந்தாலோ விரதம் இருந்தாலோ அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு எங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

அழுத்தத்துக்கு ஆம்லோடிபினோடு டெல்மிசார்டான், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், இரும்பு மாத்திரை. டைக்ளோஃபெனாக் நிறுத்தம், வலிக்குப் பாராசிட்டமாலும் மேலே தடவும் ஜெல்லும். மாத்திரை கவர்களில் எழுத்துக்குப் பதில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தோம்.

மகன் மொபைலில் பார்த்துவிட்டு எடை குறைக்கும் ஊசி பற்றிக் கேட்டான். டிர்செபடைடு, செமாக்ளுடைடு இரண்டும் எடை குறைப்புக்கென்று 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. நல்ல மருந்துகள்தான். செமாக்ளுடைடு ஆய்வில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது, ஆனால் ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. மாதாமாதம் அந்தச் செலவு இந்தக் குடும்பத்துக்கு முடியாது. அறுவை சிகிச்சை பற்றியும் சொன்னோம், அவர் வேண்டாம் என்றார். இரண்டு கதவையும் மூடிவிடவில்லை.

ஒரு வருடம்

மூன்றாம் மாதம் 77.6 கிலோ, ஆறாம் மாதம் 74.2. ஒன்பதாம் மாதம் 75.8 ஆக ஏறியது. மகனுக்கு வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டான், விடாத மழை வேறு. வர்க்கி பாக்கெட் வீட்டுக்குள் திரும்பியது. அவரே முந்திக்கொண்டு சொன்னார், “ஏறிருக்கும், எனக்கே தெரியும்.” தெரிந்தும் தவறாமல் வந்தார். முன்பு ஒரு வார்த்தைக்காகப் பல மாதம் வராமல் இருந்தவர் என்பதை நினைத்தால் அந்த மாதத்தின் பெரிய முன்னேற்றம் அதுதான். பன்னிரண்டாம் மாதம் 73.1. ஆரம்ப எடையில் கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறைந்திருக்கிறது. பிஎம்ஐ 32.5, இன்னும் உடல்பருமன்தான்.

எச்பிஏ1சி 7.1. ரத்த அழுத்தம் 132/82. சிறுநீர் விகிதம் 68-லிருந்து 34. எஸ்ஜிபிடி 31. ஹீமோகுளோபின் 11.9. வலி மாத்திரை இல்லாமல் ரேஷன் கடைக்கு நடந்து போய்வருகிறார். குறட்டை குறைந்திருப்பதாகக் கணவர் சொல்கிறார். தூக்கச் சோதனையைத் திரும்பச் செய்யவில்லை, மூச்சுக் கருவி வாங்கவும் முடியவில்லை. பக்கவாட்டில் படுக்கச் சொல்லியிருக்கிறோம், ஆனால் அந்த நோய்க்கு அது போதாது. பாதத்தில் போன உணர்ச்சி திரும்பவில்லை. கரிச்சட்டி இப்போது கட்டிலிலிருந்து நாலடி தள்ளி இருக்கிறது, காலுக்குக் கம்பளி சாக்ஸ், ராத்திரி பேரன் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கிறான்.

இந்த முன்னேற்றத்தில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, கல்வி எவ்வளவு என்று ஒரே நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தையும் மாற்றினோம், வாழ்க்கை முறையும் மாறியது. ஆனால் எந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்பதே அந்த ‘நேத்து என்ன சாப்பிட்டீங்க’ கேள்வியிலிருந்துதான் தெரிந்தது.

கல்வியின் பலன் நிற்காது என்பதையும் மறைக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கான சுயபராமரிப்புக் கல்வி பற்றிய ஆய்வுகளை 2002-ல் தொகுத்துப் பார்த்தார்கள். கல்வி முடிந்த கையோடு எச்பிஏ1சி சராசரியாக 0.76 குறைந்தது, அடுத்த சில மாதங்களிலேயே அந்தப் பலன் 0.26 ஆகச் சுருங்கியது. ஒரு முழுப் புள்ளி குறைய ஒரு நோயாளிக்குக் கிட்டத்தட்ட 24 மணி நேரத் தொடர்பு வேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25-க்கு மேல் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. இவ்வளவு பேருக்கு அந்த 24 மணி நேரத்தை மருத்துவர்கள் மட்டும் கொடுக்க முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு லைன் வீட்டு வாசலுக்கே வரும் தன்னார்வலர்களும், எங்கள் சிஸ்டர் மாதிரி ஊர்ப்பேச்சு தெரிந்தவர்களும்தான் கொடுக்க முடியும். அவர்களுக்குப் பயிற்சியும் நேரமும் அதற்கான சம்பளமும் வேண்டும்.

மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை டப்பாவைச் சுமந்து வந்தவள், நடக்க ரோடு கண்டுபிடித்தவள் அவள்தான். 29 வயது, பிஎம்ஐ 28, பிரசவத்தின்போது சர்க்கரை இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு யாரும் திரும்பச் சோதிக்கச் சொல்லவில்லை. மாமியாரின் ஒன்பதாம் மாதச் சோதனை அன்று அவளுக்கும் பார்த்தோம். எச்பிஏ1சி 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். இந்தக் கட்டத்தில் உணவையும் நடையையும் மாற்றினால் நோய் வருவது கணிசமாகக் குறையும் என்பதைச் சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய ஆய்வே காட்டியிருக்கிறது, அதில் 28.5 சதவீதம் குறைந்தது. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வரச்சொல்லியிருக்கிறோம். பத்தரை மணி நடையில் அவளும் சேர்ந்துவிட்டாள், லைனிலிருந்து இன்னும் மூன்று பெண்களும்.